ஒரு பிடி மண்ணுக்கு ஒரு சாட்சி

எஹலியகொட
2025 மே 4

தோட்டத் தொழிலாளர் தலைவர் கஜேந்திரன் அவர்களுக்கு,

இன்று 2025ஆம் ஆண்டு மே மாதம் நான்காம் திகதி. எனக்கு எழுபத்தெட்டு வயதும் மூன்று மாதங்களும் நிறைகின்றன. நான் பிறந்து சரியாக ஓராண்டு கழித்து, அதே திகதியில் இந்த நாடு சுதந்திரம் பெற்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் நம்மை நாடற்றவர்களாக்கியது. மேடையிலிருந்து வரும் சொற்களை நான் எளிதில் நம்பாததற்கு அதுவும் ஒரு காரணம்.

செவி போய்விட்டதால் தொலைபேசியில் உன்னோடு சண்டையிட முடியாது. கடிதத்தில் ஒரு வசதி உண்டு: நீ குறுக்கே பேச முடியாது.

மே தினக் கூட்டத்துக்குப் பக்கத்து லயத்து வரிசைவீட்டு மரியாயி என்னை அழைத்துப்போய் ஒலிபெருக்கிக்கு அடியில் உட்காரவைத்தாள். அங்கே எனக்கும் கேட்கும். இஸ்ரேல் காசாவில் நடத்தும் போர் நியாயமானது என்று நீ சொன்னதைக் கேட்டேன். அதை நிறுத்தச் சொல்கிறவர்கள், அந்த நாட்டுப் பழத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளின் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்றாய். "மரத்தக் கீறாம பாலு வருமா? ரத்தம் சிந்தாம ஒரு நாடு நிக்குமா?" என்றாய். கைதட்டினார்கள்.

மரியாயி மட்டும் என் காதருகே வாயை வைத்து, "கட்டை வரைக்கும் கத்திய எறக்கினா அந்த எடத்துல மறுபடி பாலே வராதுக்கா. தலைவருக்கு யாராச்சும் சொல்லிக் குடுங்க" என்றாள். பால்வெட்டுக்காரி அவள். பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் நிற்கத் தெரியாத கத்தியைக் கங்காணி பிடுங்கிவிடுவான். உன் தாத்தா காலத்திலிருந்து நம் குடும்பத்துக்கு வெட்டத் தெரியும். நீதான் இறப்பர் மரத்தை மேடையிலிருந்து மட்டும் பார்த்தவன். ஸ்டோர் வாசலில் ஒட்டுப்பால் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள் என்பதற்காகப் பேச்சு முழுவதும் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. சிரட்டையில் உறைந்து நாறும் பாலைச் சுரண்டி எடுத்துத்தான் உன் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறார்கள்.

இவ்வளவையும் பொறுத்திருப்பேன். கடைசியில் உன் அப்பனை மேடைக்கு இழுத்தாய்.

"எழுபத்தேழு கலவரத்துல எங்க லயத்துக்குத் தீ வச்சாங்க. எங்கப்பா எரிஞ்சு கெடந்தாரு. ஒருத்தன் வரல. ஒரு பிடி மண்ணு போட ஒருத்தன் வரல. நமக்காக அழாத சனத்துக்காக நான் ஏங்க அழணும்?"

ஐயாவு உனக்கு அப்பன் ஆவதற்கு முன்பே எனக்கு அண்ணன். அவனுடைய சாவை எடுத்து வேறு ஊர்ப் பிள்ளைகளின் சாவுக்கு நியாயம் பேச உனக்கு யார் அனுமதி கொடுத்தது? இந்தப் பேச்சை நீ திருப்பி எடுக்க வேண்டும். பேசியது போலவே மேடையில், ஒலிபெருக்கியில்.

வீ. பேச்சியம்மா


கேகாலை
2025 மே 14

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

தங்களது கடிதம் கிடைக்கப்பெற்றோம். தங்களது கருத்துகள் மிகுந்த கவனத்துடன் வாசிக்கப்பட்டன. தலைவர் அவர்களின் உரையின் ஒரு பகுதி தவறான முறையில் பரப்பப்பட்டு வருவதையிட்டு எமது சங்கம் ஆழ்ந்த கவலை கொள்கின்றது. மாவனல்லை முஸ்லிம் வர்த்தகர்கள் சிலர் தலைவரின் தந்தையாரது மரணம் குறித்தும் சந்தேகம் எழுப்பியுள்ளதால், ஞாயிறு பத்திரிகை ஒன்று சம்பவத்தை உறுதிப்படுத்துமாறு கோரியுள்ளது. தாங்கள் அக்காலத்தில் வாழ்ந்தவர் என்பதாலும், இரத்தினபுரி நீதிமன்றத்தில் நீண்டகாலம் மொழிபெயர்ப்பாளராகக் கடமையாற்றியவர் என்பதாலும், இத்துடன் உள்ள அறிக்கையில் தாங்கள் கையொப்பமிட்டு உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கின்றோம்.

அத்தை, மேல உள்ளது தர்மிளா டைப் பண்ணினது. ஆபீஸ் புள்ள, அப்படித்தான் எழுதும். இது நான் என் கையால எழுதறேன்.

நீங்க பென்ஷன் எடுக்கறீங்க. நல்லா இருங்க. ஆனா ஒரு நாள் சம்பளத்த ஏத்தித் தாங்கன்னு எத்தன வருசம் நாங்க ரோட்டுல குந்திக்கிட்டு இருந்தோம்னு உங்களுக்குத் தெரியும். யார் திரும்பிப் பார்த்தா? இப்ப நம்ம புள்ளைங்க அங்க போயி மூணு மாசத்துல லயத்துக்கு சீமெந்துத் தரை போட்டுக் குடுக்குது. மரியாயி அக்கா மகன் ஜெறோம நான்தான் அனுப்பினேன். அவுங்க இப்ப கேஸ் அடுப்புல சமைக்கிறாங்க. அந்தச் சோத்துக்கு நான் நன்றி சொல்லக் கூடாதா? அந்த நாட்டுக்காரன் வீட்டுலயும் புகுந்து கொன்னாங்க, புள்ளைங்கள தூக்கிட்டுப் போனாங்க. அதப் பத்தி ஏன் ஒருத்தரும் எழுத மாட்டேங்கிறீங்க?

கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. உங்க கையெழுத்துன்னா கோர்ட்டுல எல்லாருக்கும் ஒரு மரியாதை இருக்கு.

கஜேந்திரன்


எஹலியகொட
2025 மே 23

கஜேந்திரனுக்கு,

தர்மிளாவின் தமிழ் பிழையில்லாதது. அவளுக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடு. பொய்யை இவ்வளவு மரியாதையாக எழுதுவது எளிதல்ல.

அங்கே வீடு புகுந்து கொன்றதும் குற்றம், பிள்ளைகளைத் தூக்கிப்போனதும் குற்றம். எழுதிவிட்டேன், பத்திரப்படுத்து. ஆனால் அந்தக் குற்றத்தைச் செய்யாத குழந்தை கஞ்சிப் பாத்திரத்தோடு வரிசையில் நிற்கும்போது அதன் மேல் குண்டு போடுவதற்கு இது எப்படி அனுமதிச் சீட்டாகும்? கூலிக்குப் போகிறவன் வேலையைச் செய்து கூலியை வாங்கட்டும். ஜெறோம் பழம் பறிப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கொடுக்கிறவன் செய்யும் கொலையும் சரி என்று சொல்லும் கடமை அந்தக் கூலியில் சேர்ந்ததல்ல. துரைமார் நம் தாத்தாவிடம்கூட அதைக் கேட்டதில்லை.

எழுபத்தேழிலும் நாட்டை ஆண்ட ஒரு பெரியவர், சண்டை வேண்டுமென்றால் சண்டைதான் என்று பாராளுமன்றத்தில் பேசினார். அவர் நம் லயத்தைப் பார்த்தவரல்லர். நம் பெயர்கூட அவருக்குத் தெரியாது. அவருடைய பேச்சு நம் மலைக்கு வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. உன் பேச்சும் யாராவது ஒருவர் வாசலுக்குப் போய்ச் சேரும்.

இனி, உன் அறிக்கை. மூன்று வாக்கியங்கள். லயம் எரிக்கப்பட்டது என்பது முதல் வாக்கியம். உண்மை. ஐயாவு கொல்லப்பட்டார் என்பது இரண்டாவது. உண்மை. ஒருவரும் உதவிக்கு வரவில்லை, ஒரு பிடி மண்கூடப் போடவில்லை என்பது மூன்றாவது. இதை நீ கண்டாயா? அன்று உனக்கு ஆறு வயது. காய்ச்சல். மருந்து குடித்து உறங்கிப்போனவன் மறுநாள் கேகாலையில் அகதிகள் தங்கிய பள்ளிக்கூடத்தில் கண் விழித்தாய். நீ உறங்கியபோது நடந்ததற்கு நீ எப்படிச் சாட்சி?

முப்பது வருடம் நான் பிறருடைய சாட்சியங்களைச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் மாற்றினேன். அழுகிறவன் அழுதான் என்பதற்காக ஒரு சொல்லைக் கூட்டியதில்லை. பெரிய மனிதன் முறைத்தான் என்பதற்காக ஒரு சொல்லைக் குறைத்ததுமில்லை. உன் மூன்றாவது வாக்கியத்தின் கீழே என் பெயர் வராது.

ஏன் என்று கேட்பாய். சொல்லும் உரிமை இன்று என்னிடம் இல்லை. ஒருவருக்குக் கொடுத்த வாக்கு.

பேச்சியம்மா


கேகாலை
2025 ஜூன் 19

அத்தை,

இத தர்மிளா பாக்கல. நானே எழுதி நானே ஒட்டுறேன்.

வாக்குக் குடுத்திருக்கேன்னு எழுதறீங்க. யாருக்கு? நாப்பத்தெட்டு வருசமா அந்த நாளப் பத்தி நீங்க வாயத் தொறந்ததில்ல. அம்மாவும் தொறக்கல. கேட்டா, "ஒடம்பு கெடைக்கலப்பா, லயத்தோட போயிட்டாரு" அவ்வளவுதான். நானா தேடித் தேடி அந்த எரிஞ்ச லயம் இருந்த எடத்தக் கண்டுபுடிச்சு, சுத்தி காட்ட வெட்டி, அப்பாவுக்கு ஒரு தூண் கட்டினேன். படம் பதிச்சேன். வருசா வருசம் ஆவணியில மாலை போட்டு, தேங்கா ஒடச்சு, நூறு பேருக்குச் சோறு போடறேன். நீங்க ஒரு வருசமாவது வந்தீங்களா? சொந்த அண்ணன். பஸ்ஸுக்குக் காசு இல்லாமலா?

அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க அத்தை? இரத்தினபுரியில கவர்மெண்ட் குவார்ட்டர்ஸ்ல பத்திரமா இருந்தீங்களா? அதனாலதான் வெக்கமா? நான் இதக் கேக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவு நாளும் இருந்தேன்.

மாவனல்லைக் கடைக்காரங்க என் படத்துக்குச் சாணி அடிச்சிருக்காங்க. அம்மா வருசா வருசம் சேலை எடுக்கப் போவாங்களே, அதே ஊரு. கடனுக்குக்கூட வாங்காத கை அது. அந்த ஊருக்கு எங்க குடும்பம் என்ன செஞ்சுச்சு?

ஒண்ணு உண்மையாச் சொல்றேன். இந்த ஒரு கெழமையா எனக்குத் தூக்கம் இல்ல. ஈரான்காரன் ஏவுகணை விட்டதுல ஜெறோம் நெலவறைக்குள்ளயிருந்து போன் பண்றான். "அண்ணே, மேல எல்லாம் குலுங்குது, அம்மாகிட்ட சொல்லிராதீங்க"ங்கறான். டிவிக்காரன் வந்து கேக்கறான், நம்ம புள்ளைங்க பத்திரமான்னு. பத்திரம்னு சொன்னேன். போர் நடக்கத்தான் வேணும்னும் சொன்னேன். வேற என்ன சொல்றது? நான் அனுப்பின புள்ளைங்க. போர் தப்புன்னு சொன்னா நான் அனுப்பினதும் தப்புன்னு ஆகும்.

ஜூலை ஆறாந் திகதி சங்க மாநாடு. அந்த மூணாவது வாக்கியத்தத்தான் நான் முதல்ல சொல்லப்போறேன். நீங்க கையெழுத்துப் போடலன்னாலும் சொல்வேன். எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான்.

கஜேந்திரன்


எஹலியகொட
2025 ஜூன் 25

கஜேந்திரனுக்கு,

ஜெறோம் நிலவறைக்குள் இருப்பது மரியாயிக்குத் தெரியும். அவன் சொல்லவில்லை என்பதாலேயே தெரியும். நேற்று வந்து என் அடுப்படியில் உட்கார்ந்து, "டிவியில தலைவரு பத்திரம்னு சொன்னாருக்கா. அப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு" என்றாள்.

அனுப்பியது தப்பென்று ஆகிவிடும் என்பதற்காக ஒரு போர் நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்கிறாய். இதைவிட மலிவான காரணத்துக்கு ஒரு போரை ஆதரித்தவனை நான் எந்த வழக்கிலும் மொழிபெயர்த்ததில்லை.

நீ என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் உண்டு. அதற்கு நான் ஓர் ஊருக்குப் போய் ஒருவரைக் கண்டு வரவேண்டும். அதுவரை வாயை மூடிக்கொண்டிரு.

பேச்சியம்மா


கேகாலை
2025 ஜூன் 28

அத்தை,

போஸ்டர் அடிச்சாச்சு. மேடைக்கு முற்பணம் கட்டியாச்சு. சண்டை நின்னுருச்சுங்கறாங்க, ஜெறோம் மேல வந்துட்டான். காசாவுல நிக்கல, அது வேற. ஆறாந் திகதி பேசத்தான் போறேன். நீங்க எந்த ஊருக்குப் போனாலும் செத்த மனுசன் எழுந்து வரப்போறதில்ல.

கஜேந்திரன்


எஹலியகொட
2025 ஜூலை 3

கஜேந்திரனுக்கு,

நேற்று மாவனல்லைக்குப் போனேன். மூன்று பஸ் மாறினேன். காசு இருந்தது.

பழைய இறப்பர் வியாபாரி ஒருவருடைய வீடு. அவருடைய மூத்த மகன் லாபிருக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. பேத்தி ஷஸ்னா கதவைத் திறந்தாள். நான் யாரென்று சொன்னதும் அவள் முகம் இறுகியது. "அந்தத் தலைவர்ர மாமியா? அவர்ர பேச்ச நாங்க எல்லாரும் கேட்ட. அப்பா நாலு தரம் போடச் சொல்லிக் கேட்ட" என்றாள்; தாத்தாவை அவர்கள் அப்பா என்பார்கள். உள்ளே கூட்டிப்போக அவளுக்கு விருப்பமில்லை. லாபிர்தான் உள்ளேயிருந்து, "யாரு, மிஸ்ஸா? வரச் சொல்லுங்க" என்றார். அவருடைய இடது கை முழங்கைக்குக் கீழே சுருங்கியிருக்கும். எழுபத்தேழிலிருந்து அப்படித்தான்.

அன்று நான் இரத்தினபுரியில் இல்லை. விடுமுறையில் உங்கள் லயத்தில் இருந்தேன். பொழுது சாயும் நேரம், மழை. கீழ்ப் பிரிவு எரிவது தெரிந்தது. தோட்டங்களில் ஒட்டுப்பால் வாங்கிப்போகும் லொறி ஒன்று ஏறிவந்தது. ஓட்டியவர் லாபிர், இருபத்து நான்கு வயது. கூட அவருடைய தம்பி ஜவ்பர், பத்தொன்பது. வியாபாரத்துக்கு வரவில்லை, எரிவதைக் கண்டு வந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் ஏறச் சொன்னார்கள். எங்களைப் படுக்கவைத்து மேலே ஒட்டுப்பால் மூட்டைகளை அடுக்கினார்கள். அந்த நாற்றத்துக்குப் பயந்து ஒருவரும் மூட்டையைப் புரட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று ஜவ்பர் சொன்னான். அப்படியே நடந்தது. இரண்டு இடங்களில் கலவரக்காரர்கள் லொறியை நிறுத்தினார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். நீ உறக்கத்தில் முனகினாய். உன் வாயைப் பொத்தியிருந்தது என் கை. ஒட்டுப்பால் உனக்கு ஏன் ஆகாது என்று உனக்குத் தெரியாது. உன் மூக்குக்குத் தெரியும். நீ மறந்ததை அது மறக்கவில்லை.

எங்களைக் கேகாலைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு லொறியைத் திருப்பினார்கள். ஆண்கள் இன்னும் மேலே இருந்தார்கள். "போகாதீங்க தம்பி, அவங்க காட்டுக்குள்ள ஒளிஞ்சுக்குவாங்க" என்று உன் அம்மாவே சொன்னாள். ஜவ்பர் சிரித்து, "வெறும் லொறியோட ஊட்டுக்குப் போனா வாப்பா ஏசுவார்" என்றான். அதுதான் நான் கேட்ட அவனுடைய கடைசிப் பேச்சு. அவர்கள் மறுபடி ஏறிப்போனதும் ஐயாவு முதலில் ஏறியிருக்கிறான். அடுத்த ஆள் ஏறுவதற்குள் கூட்டம் வந்துவிட்டது. வளைவில் மறித்து லொறிக்குத் தீ வைத்தார்கள். லாபிர் கை வெந்து வெளியே விழுந்தார். மற்ற இருவரும் விழவில்லை.

மறுநாள் லாபிரின் தகப்பனார் பள்ளிக்கூடத்துக்கு வந்து, உன் அம்மாவையும் என்னையும் தனியே அழைத்துச் சொன்னார். தீ வைத்தவர்கள் அவருடைய கடைக்கு வந்துபோகிறவர்கள். அவருடைய பிள்ளைகள் எங்களை ஏற்றிப்போய் இறக்கினார்கள் என்று தெரிந்தால் வீட்டில் மிச்சமிருப்பவர்களும் மிஞ்ச மாட்டார்கள். அதற்குப் பிறகு அவர் செய்தது, அதைக் கடைசியில் எழுதுகிறேன், வெளியே தெரிந்தால் அவருடைய ஊரிலேயே கேள்வி எழும். "நாங்க இங்கதான் பொழைக்கணும் மகள். நாங்களாச் சொல்லும் வரைக்கும் சொல்லாதீங்க" என்றார். ஒரு மகனை இழந்த மனிதர் கேட்டார், கொடுத்தோம். உன் அம்மா அந்த வாக்கோடு செத்தாள். அவள் ஒவ்வொரு ஆவணியிலும் மாவனல்லைக்குச் சேலை எடுக்கப் போனாள் என்றாயே, எப்போதாவது ஒரு சேலையோடு திரும்பி வந்து பார்த்திருக்கிறாயா?

நேற்று நான் லாபிரிடம் அந்த வாக்கைத் திருப்பிக் கேட்டேன். கோபத்தோடு கேட்டேன்; உன்னைப் பற்றி நான் சொன்னவற்றை இங்கே எழுத மாட்டேன். அவர் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு, என் காதுக்கு எட்டும்படி உரக்கச் சொன்னார்.

"அந்தப் புள்ள ஒறங்கிக்கிட்டுத்தானே இரிந்த, மிஸ். அவருக்கு எப்பிடித் தெரியும்?"

உனக்காக வாதாட ஓர் ஆள் கிடைத்தார் என்றால், உன் படத்துக்குச் சாணி அடித்த ஊரில் கிடைத்தார். பேத்திக்கு அது பிடிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கும் பிடிக்கவில்லை. லாபிர் மேலும் சொன்னார்: "வாப்பாவும் மௌத்தாகி எத்தினையோ வருஷம். நீங்க சொல்லுங்க. பேப்பருக்கு வேணாம், மேடைக்கும் வேணாம். அவருக்கு மட்டும் சொல்லுங்க."

ஆகவே உனக்கு மட்டும் சொல்கிறேன். ஆறாம் திகதி ஒலிபெருக்கிக்கு அடியில் என் நாற்காலியில் இருப்பேன். மூன்றாவது வாக்கியத்தைச் சொல்வதானால் என் முகத்தைப் பார்த்துச் சொல். உறங்கியவனுக்கு இருந்த மன்னிப்பு, இதைப் படித்து முடித்தவனுக்கு இல்லை.

நீ கட்டிய தூணுக்கு நான் ஏன் வருவதில்லை என்று கேட்டாய். அங்கே ஐயாவு இல்லை. லொறியிலிருந்து எடுத்தபோது எது யாருடைய உடல் என்று பெற்றவருக்கே தெரியவில்லை. அவர் இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய், இரண்டுக்கும் ஒரே மாதிரி வெள்ளைத் துணி சுற்றி, இரண்டு பேரும் என் பிள்ளைகள்தான் என்று பள்ளிவாசலில் சொல்லித் தொழவைத்தார். பெண்கள் உள்ளே போவதில்லை. நானும் உன் அம்மாவும் சுவருக்கு வெளியே நின்றோம். அவர்கள் வழக்கப்படி வந்தவர்கள் ஒவ்வொருவரும் மூன்று பிடி மண் போட்டார்கள். மாவனல்லையில் அவர்கள் அடக்கம் செய்யும் மையவாடியில், வடக்குச் சுவரோரம், பெயர் பொறிக்காத இரண்டு தலைமாட்டு மீசான் கற்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அவற்றில் ஒன்று உன் அப்பனுடையது. எது என்று அவர்களுக்கும் தெரியாது. அதனால் நாற்பத்தெட்டு வருடமாக இரண்டுக்கும் ஓதுகிறார்கள்.

பேச்சியம்மா